அளவுமானி இல்லாத ஓடையில் வெள்ளக் கணிப்பு

மழை எவ்வளவு பெய்தது என்று கேட்டால் மறுநாள் நாளேடே சொல்லிவிடும். அம்மழையில் நம் கல்லூரிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் எவ்வளவு நீர் போயிற்று என்று கேட்டால் விடை சொல்வார் எவருமில்லை. பேராறுகளில் நிலையங்கள் அமைத்து நீரோட்டத்தை அளந்து எழுதி வைக்கிறார்கள். ஊருக்குள் ஓடும் சிற்றோடைக்கு அந்தப் பேறு இல்லை. ஆனால் வீட்டுக்குள் புகுவது பெரும்பாலும் இந்தச் சிற்றோடை நீர்தான்.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை விடுதியின் கீழ்த்தள அறைகளில் முழங்காலளவு நீர் நின்றதை மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சான்றிதழ்கள் நனைந்து போனவர்களும் உண்டு. “வரலாறு காணாத மழை” என்றார்கள் பலர். எனக்கு அதில் ஐயம் இருந்தது. புவியியல் இளங்கலை மாணவர் நால்வருடன் கணக்கிட்டுப் பார்க்கத் துணிந்தேன்.

முதலில் நீர்ப்பிடிப்புப் பகுதி. 1:50,000 அளவுள்ள நிலப்படத்தில், விடுதியருகே உள்ள குழாய்ப் பாலத்துக்கு எந்தெந்த மேட்டிலிருந்து நீர் வரும் என்று எல்லைக்கோடு வரைந்தோம். மில்லிமீட்டர்த் தாளில் படியெடுத்து எண்ணியபோது 480 சிறு கட்டங்கள். அதாவது 120 ஹெக்டேர். படத்தை மட்டும் நம்பாமல் நடந்தும் பார்த்தோம். அதுவே நல்லதாயிற்று; படத்தில் இல்லாத சாலையோரக் கால்வாய் ஒன்று எல்லையையே சற்று மாற்றிவிட்டிருந்தது.

இனிச் சூத்திரம். நம் முன்னோடிப் பொறியாளர்கள் பயன்படுத்தியது ரைவ்ஸ் சூத்திரம். 1884இல் சென்னை மாகாணத்துக்கென வகுக்கப்பட்டது. பரப்பைச் சதுரக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு குணகத்தால் பெருக்கவேண்டும். கடலோரத்துக்குக் குணகம் 6.8, சற்று உள்ளே தள்ளிய நம் போன்ற ஊர்களுக்கு 8.5. நமக்கு வந்த விடை வினாடிக்கு 9.6 கன மீட்டர். எளியதுதான், ஆனால் இச்சூத்திரத்துக்குப் பரப்பு ஒன்றே தெரியும். வயல் பேருந்து நிலையமானாலும் அதன் விடை மாறாது!

ஆகவே மற்றொரு முறைக்குச் சென்றோம். அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1851இல் எடுத்துரைத்து, 1889இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரச் சாக்கடைகளுக்கு குய்ச்லிங் பயன்படுத்திய முறை இது. வழிந்தோட்டக் குணகம், மணிக்கு மில்லிமீட்டரில் மழைச் செறிவு, ஹெக்டேரில் பரப்பு, இம்மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும்.

இதில் செறிவுதான் இடறும் இடம். மாணவர் ஒருவர் அன்றைய மொத்த மழையான 92 மி.மீ.ஐ 24ஆல் வகுத்துப் போட்டார். வெள்ளம் 0.7 கன மீட்டர் என்று வந்தது. அவ்வளவே என்றால் விடுதிப் படிகூட நனைந்திராது. பகுதியின் கடைக்கோடியில் விழுந்த துளி பாலத்தை அடைய எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரத்தில் பெய்த கடுமழையையே எடுக்கவேண்டும். ஓடையின் நீளம் 1,800 மீட்டர். வீழ்ச்சி 9 மீட்டர். கிர்பிச் 1940இல் தந்த சூத்திரப்படி நேரம் 48 நிமிடம். தானே பதியும் மழைமானித் தாளில் அன்றைய மிகக் கடுமையான 48 நிமிடத்தில் 48 மி.மீ. இருந்தது. எனவே செறிவு மணிக்கு 60 மி.மீ.

வயலும் தரிசுமாக இருந்த காலத்துக்குக் குணகம் 0.30 எனக் கொண்டால் வெள்ளம் 6 கன மீட்டர். இன்று பாதிப் பரப்பில் வீடும் தாரும் சிமெண்டும். அதற்கு 0.75, எஞ்சியதற்கு 0.35, சராசரி 0.55. வெள்ளம் 11 கன மீட்டர். அதே மழை, ஏறத்தாழ இருமடங்கு நீர். இத்துடனும் முடியவில்லை. கிர்பிச் கணக்கு விளைநிலச் சிற்றோடைகளிலிருந்து பெறப்பட்டது. சிமெண்டுக் கால்வாயில் நீர் இன்னும் விரைந்து வரும். 30 நிமிடம் என்று கொண்டால், அந்த நேரத்தின் கடுமழை 38 மி.மீ.; வெள்ளம் சுமார் 14.

பதினொன்றா, பதினான்கா? ஓடையே சாட்சி சொல்லட்டும் என்று சென்றோம். குழாய்ப் பாலத்துக்கு மேலே, தேங்கிய நீர் எட்டாத இடத்தில், இரு கற்சுவர்களுக்கிடையே ஓடை 4 மீட்டர் அகலமாக ஓடுகிறது. சுவரில் சேறும் வைக்கோலும் ஒட்டியிருந்த கோடு தரையிலிருந்து 1.5 மீட்டர். சரிவு 200க்கு 1. புல்லும் குப்பையும் உள்ள ஓடைக்குச் சொரசொரப்பு எண் 0.03. மானிங் சூத்திரப்படி வேகம் வினாடிக்கு 2.13 மீட்டர், வெள்ளம் 12.8 கன மீட்டர். கணக்கும் சேற்றுக்கோடும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொரசொரப்பு எண்ணை 0.035 என்று எடுத்திருந்தால் 11 ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

இப்போது அந்தப் பாலத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாய்கள் இரண்டு. நீர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் 4.7 கன மீட்டருக்கு மேல் போகாது. வயலாக இருந்த நாளின் வெள்ளத்துக்கே அது போதாது. எஞ்சிய நீர் விடுதிக்குள் வந்ததில் வியப்பென்ன? மழையைக் குறை சொல்வதற்கில்லை.

இக்கணக்குகளை நிலப்படத்துடன் நான்கு பக்கங்களில் எழுதி, முதல்வர் வழியாக உரியவர்களுக்கு அனுப்பியுள்ளோம். இதற்கிடையே கற்சுவரில் பத்து சென்டிமீட்டருக்கொரு கோடாக வெள்ளை வண்ணத்தில் அளவுகோல் வரைந்துவிட்டோம். மழை நாட்களில் கால் மணிக்கொருமுறை அதைப் படித்து எழுத விடுதி மாணவர் அறுவர் முன்வந்துள்ளனர். கரையில் நின்றே படிக்கவேண்டும், ஓடையில் இறங்கக்கூடாது என்பது மட்டும் நான் விதித்த நிபந்தனை.