விடை வைக்கும் இடம்

சி போன்ற உயர்நிலை மொழிகளில், செயற்கூறு தன் விடையைத் 'திருப்பி அனுப்புகிறது' என்கிறோம். 3, 4 ஆகிய எண்களைக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் 7 திரும்பி வருகிறது. 'அனுப்புதல்' என்னும் சொல் சற்று மயக்கம் தருவது. அதே செயற்கூற்றை அசெம்பிளி மொழியில் எழுதிப் பார்த்தால், விடை எங்கும் அனுப்பப்படுவதில்லை என்பது புலப்படும்.

இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் 'கால்' என்னும் கட்டளை, மீண்டு வரவேண்டிய முகவரியை அடுக்கில் வைத்துவிட்டுச் செயற்கூற்றுக்குத் தாவுகிறது. 'ரெட்' என்னும் கட்டளை அம்முகவரியை எடுத்துக்கொண்டு பழைய இடத்திற்கு மீள்கிறது. இவ்விரண்டும் அறிந்தது முகவரியை மட்டுமே. விடையைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

அவ்வாறாயின் 7 எவ்வாறு கிடைக்கிறது? செயலிக்குள் பதிவகங்கள் எனப்படும் சிறு சேமிப்பிடங்கள் உள்ளன. அவற்றுள் ஏஎக்ஸ் என்பதில் செயற்கூறு விடையை வைத்துவிட்டு மீள்கிறது. அழைத்த நிரல் அங்கே சென்று படிக்கிறது. வெளியே செல்பவர் வீட்டுச் சாவியை மாடக்குழியில் வைப்பதும், பின்னர் வருபவர் அங்கேயே தேடுவதும் போன்ற உடன்பாடு இது. செயற்கூறு எதையும் வைக்க மறந்தாலும் பதிவகம் வெறுமையாக இராது. முந்தைய கணக்கின் எச்சம் அதில் கிடக்கும். அழைத்த நிரல் அதையே விடையென எடுத்துக்கொள்ளும். அடுத்த செயற்கூற்றை அழைத்தாலும் பழைய விடை அழிந்துபோகலாம். ஆதலால் அதனை உடனே வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

ஏஎக்ஸ் 16 பிட் அளவுடையது. பின்னர் அது 32 பிட் ஈஏஎக்ஸ் ஆகவும், 64 பிட் ஆர்ஏஎக்ஸ் ஆகவும் விரிந்தது. 32 பிட் ஏஆர்எம் செயலிகளில் இப்பணியை ஆர்0 செய்கிறது. பதிவகத்தில் அடங்காத பெரிய விடையாயின், அழைக்கும் நிரலே நினைவகத்தில் இடம் ஒதுக்கி அதன் முகவரியைத் தருகிறது.

உடன்பாட்டை ஒரு தரப்பு தவறாகப் புரிந்துகொண்டால் என்ன நேரும்? சி மொழியில் நினைவக இடம் பெற்றுத் தரும் 'மாலோக்' செயற்கூறு, 64 பிட் கணினியில் முழு முகவரியையும் ஆர்ஏஎக்ஸில் வைக்கிறது. உரிய தலைப்புக் கோப்பை நிரலர் சேர்க்கத் தவறினால், பழைய நிரல்பெயர்ப்பி, வருவது 32 பிட் முழு எண் எனக் கருதி, கீழ்ப்பாதியான ஈஏஎக்ஸை மட்டும் படிக்கும். முகவரி சிறியதாக இருக்கும்வரை நிரல் பழுதின்றி இயங்கும். அது பெரிதாகும் நாளில் மேற்பாதி இழக்கப்பட்டு, நிரல் தனக்குரியதல்லாத இடத்தைத் தொட்டு நின்றுபோகும். அறிவிக்கப்படாத செயற்கூற்றை இவ்வாறு ஊகித்து ஏற்கும் வழக்கத்தை, 1999ஆம் ஆண்டின் சி தரநிலை நீக்கியது.