நம் வீட்டுக் கரிக் கணக்கு



‘கார்பன் தடம்’ என்ற சொல் இந்நாளில் பிள்ளைகளின் வாயிலும் அடிபடுகிறது. அதன் பொருள் யாதெனில், நம் வாழ்க்கைக்காக நாமோ, நமக்காகப் பிறரோ எரிப்பவற்றால் எவ்வளவு கரியமில வாயு ஆகாயத்தில் சேருகிறது என்னும் கணக்கு. இவ்வாயு பூமியின் உஷ்ணத்தை வெளியேற விடாமல் போர்வைபோல் தடுக்கிறது. மீத்தேன் முதலிய வேறு வாயுக்களும் உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான். அது எரிந்தால் உண்டாகும் கரியமில வாயுவோ ஏறக்குறைய 2.3 கிலோ! இதெப்படி என்று நீங்கள் கேட்பது நியாயமே. எரியும்போது பெட்ரோலிலுள்ள கரி, காற்றிலிருக்கும் பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு கரி 32 பங்கு பிராணவாயுவோடு கூடி 44 பங்காகிறது. எடை காற்றிலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாததால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு காஸ் சிலிண்டர்: 14.2 கிலோ காஸ் எரிந்து சுமார் 42 கிலோ வாயுவாகிறது. மோட்டார் சைக்கிளுக்கு 10 லிட்டர் பெட்ரோல்: 23 கிலோ. மின்சாரம் 100 யூனிட்: நம் நாட்டில் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ வீதம், 70 கிலோ. ஆக மாதம் 135 கிலோ.

பார்த்தீர்களா, புகையே காணாத மின்சாரம்தான் பாதிக்கு மேல்! அப்புகை தூத்துக்குடியிலும் நெய்வேலியிலும் எழும்புகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ம் ஆண்டு நம் மாநில அரசு அறிவித்தது. ஏழைகளுக்கு நல்ல உதவி. ஆனால் இலவச யூனிட்டுக்கும் நிலக்கரி எரியத்தான் செய்கிறது.

ஆதலால் எங்கே குறைப்பது? அடுப்பில் அல்ல. சிலிண்டரை விட்டு விறகுக்குத் திரும்பும்படி எந்தத் தாயிடமும் நான் சொல்லமாட்டேன். அந்தப் புகையில் அவர்கள் பட்டது போதும். ஓலைக் கூரையின் கீழ் ஒரே விசிறியோடு இருப்பவர்களுக்கும் இந்தப் பாடம் அல்ல. குளிர்சாதனமும் காரும் வைத்திருப்போரே முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். அதாவது 11 கிலோ. விலை அதிகந்தான், ஆகையால் பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2015-ம் ஆண்டு இப்பூமியைக் குறித்து வெளியிட்ட நிருபத்தில், வேண்டாத விளக்கை அணைப்பது போன்ற சிறு காரியங்களையும் மறவாமல் குறித்திருக்கிறார்.

வீட்டைச் சொல்லிவிட்டுக் கோயிலை விட்டால் எப்படி? திருவிழாவின் 10 இரவுகளிலும் அலங்கார விளக்குகளுக்காக ஜெனரேட்டர் இரவுக்கு 20 லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் மொத்தம் 540 கிலோ. மேற்சொன்ன குடும்பத்துக்கு நான்கு மாதக் கணக்கு அது. ஜனங்கள் நடக்கும் வழிகளில் விளக்கு இரவு முழுவதும் இருக்கட்டும். கோபுரத்துச் சர விளக்குகளை 10 மணிக்கு அணைத்துவிடலாம் என்பது என் எண்ணம். விழாக் கமிட்டியார் இதைப் பேசி முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.