முதலிரவுப் பேய்

அன்புள்ள தம்பி,

கொச்சி வைட்டிலாவிலிருந்து நீ அனுப்பிய திரைக்கதையைப் படித்துவிட்டேன். புதுப் பெண்டாட்டியைத் தொடவே பயந்து சாகிறான் ஒரு மெக்கானிக். அவன் கண்ணுக்கு மட்டும் அவள் பேயாகத் தெரிகிறாள். நல்ல கரு. ஆனால் இடைவேளை நெருங்க நெருங்க சிரிப்பெல்லாம் அந்தப் பெண்ணின் உடம்பின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ பிழைக்கப் போயிருக்கும் மலையாளத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. மலையாற்றூர் ராமகிருஷ்ணன் நாவலை வைத்து 1968இல் கே.எஸ். சேதுமாதவன் எடுத்த ‘யட்சி’. சத்யன் அதில் கல்லூரி விரிவுரையாளர். ஆய்வுக்கூட விபத்தில் முகம் கருகிவிடுகிறது. அதுவரை சுற்றிவந்த பெண்கள் விலகிப் போகிறார்கள். அப்போது சாரதா வருகிறார். அத்தனை அழகி, இவனைப் போய் விரும்புகிறாள். கல்யாணம் ஆகிறது, படுக்கையில் அவனால் முடியவில்லை. உடனே மனசு ஒரு கணக்குப் போடுகிறது: குறை என்னிடம் இல்லை, இவள்தான் மனுஷி இல்லை. பேய் பிறக்கும் இடம் இதுதான் தம்பி. அது காமெடிப் படம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைவிடப் பெரிய காமெடி எது?

தமிழில் 2018இல் சந்தோஷ் பி. ஜெயக்குமார் ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’ எடுத்தார். ஆசை தீராமல் செத்த பெண், பேயாக வந்து ஆண்களைப் படுக்கைக்குக் கூப்பிடுகிறாள். கூட்டம் வந்தது, மறுக்கவில்லை. 2020இல் அதன் தொடர்ச்சியான ‘இரண்டாம் குத்து’ டீசர் வந்தபோது பாரதிராஜாவே கண்டித்து அறிக்கை விட்டார். எனக்கு ஆபாசம்கூடப் பெரிய புகார் இல்லை. உள்ளுக்குள் நடுங்க வேண்டிய ஆண்களுக்கு அங்கே நடுக்கமே இல்லை, அதுதான் புகார். அதே 2018இல் வந்த இந்திப் படம் ‘ஸ்த்ரீ’யைப் பார். இருட்டியபின் வெளியே போகாதே, தனியாகப் போகாதே என்று பெண்களுக்குச் சொல்லும் புத்திமதியெல்லாம் ஆம்பளைகள் தலையில் விழுகிறது. சிரிப்பு தானாக வருகிறது.

உன் மெக்கானிக்குக்கு ஒரு காட்சி சொல்கிறேன். ‘ஆண்மைக்குறைவா? கவலை வேண்டாம்’ என்று பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்குமே. வைத்தியர் எந்த லாட்ஜில், எந்தத் தேதியில் இருப்பார் என்றெல்லாம். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை செல்போனில் படம் எடுக்கட்டும். ஃபிளாஷ் அடித்துவிடட்டும். பக்கத்தில் நிற்பவர் மெதுவாகத் திரும்பட்டும். திகிலும் சிரிப்பும் ஒரே நொடியில். பத்து பைசா செலவில்லை.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. கிராபிக்ஸுக்கு நீ ஒதுக்கியிருக்கும் தொகையைச் சத்தத்துக்குக் கொடு. ஜித்து மாதவனின் ‘ரோமாஞ்சம்’ 2023இல் ஓடியது எதை வைத்து? பேச்சுலர்கள் குடியிருக்கும் ஒரு வீடு, ஆவியைக் கூப்பிட ஒரு கேரம்போர்டு, ஒரு கண்ணாடி டம்ளர்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலையாள சினிமாவில் பெண்களின் நிலை பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. கழிப்பறைகூட இல்லாத, உடை மாற்ற மறைவிடம் இல்லாத படப்பிடிப்புகளைப் பற்றி அதில் இருக்கிறது. அதன் பிறகு கொச்சியில் கேமரா தூக்கும் எவரும் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது. சின்ன பட்ஜெட் என்பதும் சாக்காகாது. படுக்கையறைக் காட்சியில் என்ன நடக்கும், எவ்வளவு நெருக்கம், செட்டில் யார் யார் இருப்பார்கள் என்பதை நடிகைக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடு. அன்று காலையில் போய் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்காதே. ‘ஏ’ சான்றிதழ் கிடைத்தால் படத்தை அப்படியே டிவிக்கு விற்க முடியாது என்பதையும் தயாரிப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடு.

திருத்தி அனுப்பும்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வை. மெக்கானிக்குக்குப் பெயர் இருக்கிறது, அவன் முதலாளிக்கு இருக்கிறது, பட்டறை நாய்க்குக்கூட இருக்கிறது. அவள் மட்டும் கடைசிப் பக்கம்வரை ‘மனைவி’ என்றே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் அண்ணன்