சொல்லே திறவுகோல்

நுழையும்முன்

ஏலக்காயின் மணத்துக்குப் பின்னால் மலைச்சரிவின் உழைப்பு இருக்கிறது. அவ்வுழைப்பைக் காக்கும் அறிவு ஆய்விதழ்களில் இருக்கிறது. அதனைத் தேடிப் பெறும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மலையில் எழும் வினா

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல மையம் இங்கு இயங்குகிறது. போடிமெட்டைக் கடந்தால் ஏலமலைத் தோட்டங்கள் விரிகின்றன. தென்மேற்குப் பருவமழை ஓயாது பெய்யும் நாள்களில், அத்தோட்டங்களில் காய்கள் நிறம் மாறி அழுகி உதிர்வதுண்டு. மலைமக்கள் இந்நோயை 'அழுகல்' என்பர். இதற்குத் தீர்வு காண விழையும் மாணவர் எங்கே, எவ்வாறு தேடுவது?

தரவுத்தளம்

பொதுத் தேடுபொறி விளம்பரம், செவிவழிச் செய்தி, ஆய்வு ஆகியவற்றை ஒருங்கே காட்டும். பல்கலைக்கழக நூலகத்தின் தரவுத்தளமோ ஆய்விதழ்க் கட்டுரைகளை ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, சுருக்கம், குறிச்சொல் எனப் பகுத்து வைத்துள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை துறை வல்லுநர்களின் மதிப்பீட்டிற்குப் பின் வெளிவந்தவை.

சொல் தேர்வு

'கார்டமம்' என ஆங்கிலத்தில் உள்ளிட்டால் சமையல், வணிகம், சிக்கிமில் விளையும் பெரிய ஏலக்காய் என அனைத்தும் வந்து குவியும். எனவே பயிரின் தாவரவியல் பெயரான 'எலெட்டேரியா கார்டமோமம்', நோயின் ஆங்கிலப் பெயரான 'கேப்சூல் ராட்', நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியான 'பைட்டோப்தோரா' ஆகியவற்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மலைமக்களின் 'அழுகல்' என்னும் சொல்லும் ஆங்கில எழுத்தில் ஆய்வுக்கட்டுரைகளில் இடம்பெற்றுள்ளது. அதனை விட்டுவிட்டால் சில கட்டுரைகள் கண்ணிற்படாமலே போகும்.

சொற்களை இணைக்கும் முறையும் உண்டு. 'ஆண்ட்' என்பது இரு சொற்களும் உள்ள கட்டுரைகளை மட்டும் தரும். 'ஆர்' என்பது ஏதேனும் ஒன்று உள்ளவற்றையும் தரும். 'நாட்' என்பது வேண்டாததை விலக்கும். ஒரே பொருள் குறிக்கும் பெயர்களை 'ஆர்' கொண்டும், பயிரையும் நோயையும் 'ஆண்ட்' கொண்டும் இணைப்பது நன்று.

தெரிந்து தெளிவோம்

சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, படிப்பவரின் காலத்தைச் சேமிப்பது பற்றியது.

கண்டதும் தெளிவதும்

கிடைத்த கட்டுரையின் சுருக்கத்தை முதலில் படித்தல் வேண்டும். அதன் மேற்கோள் பட்டியல் முந்தைய ஆய்வுகளுக்கும், அதனை மேற்கோள் காட்டியோர் பட்டியல் பிந்தைய ஆய்வுகளுக்கும் வழிகாட்டும். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

காயழுகல் வேறு, கிழங்கழுகல் வேறு. பெயர் பிழைத்தால் தேடல் பிழைக்கும். தேடல் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். அப்பிழையின் இழப்பைச் சுமப்பது மலைச்சரிவின் உழைப்பே.