துணைக்குப் பக்கவாதமா? உடம்போடு கணக்கையும் கவனியுங்கள்

பக்கவாதம் வந்த கணவரையோ மனைவியையோ எழுப்பும்போது, செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பவர்கள் அதிகம். தோள்மூட்டு நழுவிவிடலாம். தூக்கும் முறையை பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். காசில்லை என்று அப்போது பயிற்சியை நிறுத்துவது கெட்ட சிக்கனம். தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீடு தேடி, இலவசமாக வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சம்பளம் நின்றுவிட்டதா? இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர் என்றால் முதலில் அங்கேதான் போக வேண்டும். வழக்கமான நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், ஊதியத்தில் 70 சதவீதம். நீண்டகால நோய்ப் பட்டியலில் ஒருபக்க வாதமும் உண்டு. ஆகவே 2 ஆண்டு பணியும் மற்ற தகுதிகளும் உள்ளவர்கள், 80 சதவீதமாக இதை நீட்டித்து வாங்கலாம். பலர் கேட்பதே இல்லை!

அரசு ஊழியரா? அவசரப்பட்டு ராஜினாமா வேண்டாம். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

கையெழுத்துப் போட முடியாதவர், சாட்சிகள் முன்னிலையில் விரல் ரேகை வைத்து வங்கியில் பணம் எடுக்க வழி உண்டு. கிளை மேலாளரைப் பாருங்கள்.