சந்தா நிற்கும் நாளுக்கு

அம்பத்தூரில் ஒரு சிறிய இன்ஜினீயரிங் ஆலையின் தொழிற்சங்கத்துக்குப் பல வருடங்கள் பொருளாளராக இருந்தேன். சங்கப் பணம் என்றால் கொடிக்கும் போஸ்டருக்கும் போகிறது என்றுதான் வெளியே பேச்சு. எங்கள் கணக்கில் பெரிய செலவு வக்கீல் பீஸ். ஒருவரை வேலையைவிட்டு நீக்கினால் லேபர் கோர்ட், பிறகு ஹைகோர்ட் என்று வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இருந்தால் போதும் என்பார் எங்கள் ஆடிட்டர். மற்ற அமைப்புகளுக்கு அது சரி, சங்கத்துக்குச் சரிப்படாது. வேலைநிறுத்தமோ கதவடைப்போ வந்தால் சம்பளத்தோடு சந்தாவும் நிற்கும். செலவோ அன்றைக்குத்தான் ஏறும்: வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ், பந்தல் வாடகை. அதனால் போராட்ட நிதியைத் தனி வைப்பாகப் போட்டோம், அதுவும் ஒரே ரசீதாக இல்லாமல் பல ரசீதுகளாக. அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி தப்பும். மாதச் சந்தாவால் இந்த நிதி வளராது. ஊதிய ஒப்பந்தம் முடிந்து நிலுவை கைக்கு வரும் வாரமும் போனஸ் வாரமும்தான் வசூலுக்கு வாய்ப்பு. அதைக் கோட்டைவிட்டால் அடுத்த ஒப்பந்தம்வரை ஏக்கம்தான்.

பணம் சேர்ந்தால் கடன் கேட்பார்கள். "நம்ம பணம்தானேண்ணே?" என்று கேட்டவரிடம், "நம்ம எல்லாரோட பணம் தம்பி, ஒருத்தருக்கு எப்படித் தர்றது?" என்றேன். கடனுக்குக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது. எதற்கெல்லாம் பொதுநிதியைச் செலவிடலாம் என்று 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பட்டியலே போட்டது. தொழில் தகராறில் உறுப்பினருக்கு ஏற்படும் இழப்பு, நோய், விபத்து, மரணத்துக்கான உதவி எல்லாம் அதில் உண்டு. அரசியல் செலவுக்குத் தனி நிதி. அதற்குப் பணம் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

கையிருப்பு பெருகினால் கோஷ்டியும் பெருகும் என்பது என் அனுபவம். இரண்டு தரப்பு 'நாங்கள்தான் நிர்வாகிகள்' என்று கடிதம் கொடுத்தால் வங்கி கணக்கை நிறுத்திவிடும். தேர்தல் முடிந்த கையோடு தீர்மான நகலையும் புதிய கையெழுத்துகளையும் வங்கியில் சேர்த்துவிடுங்கள்.

ரசீது புத்தகத்தின் அடிக்கட்டையைத் தொலைக்காதீர்கள். உறுப்பினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது உங்கள் உரிமை. பொருளாளர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காமல் வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்கள்.