பள்ளி ஆலோசகராகப் பணியேற்கும் இளையவருக்கு

மாணவரிடையே போதைப் பழக்கத்தைத் தடுக்கும் பொறுப்போடு ஒரு பள்ளிக்குள் நுழையும் இளம் ஆலோசகரிடம் நிர்வாகம் முதலில் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தைத்தான். ஜூன் 26, உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாளன்று பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக அமர்த்தி, புற்று அரித்த வாயின் படத்தைக் காட்டி, உறுதிமொழி வாசிக்கச் செய்து, பேரணியோடு முடிக்கும் அவ்வழக்கத்தின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அதன் பலன் மிகச் சொற்பம். அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்கிய 'டேர்' என்னும் திட்டத்தில் சீருடைக் காவலர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தினர். அது நாடெங்கும் பரவிய பிறகு 1990களில் வெளிவந்த மதிப்பீடுகள், அப்பாடத்தைக் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் போதைப் பயன்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை என்றே காட்டின. போதைப்பொருள், குற்றத்தடுப்புக்கான ஐ.நா. அலுவலகம் 2013இல் வெளியிட்டு 2018இல் திருத்திய தடுப்பு நெறிமுறைகளும், அச்சமூட்டுவதையும் போதையிலிருந்து மீண்டவரின் சாட்சியத்தையும் நம்பியிருக்கும் முறைகள் பயன் தருவதில்லை என்கின்றன.

இதற்கான காரணம் வளரிளம் பருவத்தின் இயல்பிலேயே இருக்கிறது. விளைவை எண்ணிப் பார்த்துத் தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளைப்பகுதியான முன்மூளைப் புறணி இருபது வயதைக் கடந்தே முழு முதிர்ச்சி அடைகிறது. இன்பத்தையும் புதுமையையும் நாடத் தூண்டும் பகுதிகளோ அதற்கு வெகு முன்பே விழித்துக்கொள்கின்றன. நாற்பது வயதில் வரக்கூடிய நோயைவிட, இன்று மாலை நண்பர் கூட்டத்தில் ஒதுக்கப்படுவோமோ என்ற அச்சமே பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரிதாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, 'பள்ளிகள்தோறும் போதை' என்று மேடையில் முழங்கும்போது, எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், தான் மட்டும் விலகி நிற்கிறோம் என்ற தவறான எண்ணத்தை அந்த மேடையே விதைத்துவிடுகிறது. பெரும்பான்மை மாணவர் போதைப்பொருளைத் தொடுவதே இல்லை என்ற உண்மையை ஆலோசகர் உரக்கச் சொல்வது நல்லது.

ஐஸ்லாந்தின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. அந்நாட்டில் 1998இல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியதாகக் கூறினர். 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. மாலை வேளையில் பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்கச் செய்ததும், விளையாட்டு, இசை முதலியவற்றுக்கு நகராட்சிகள் கட்டண உதவி அளித்ததும், இரவில் சிறார் வெளியே திரியும் நேரத்தை வரையறுத்ததும், ஒவ்வொரு பகுதியின் ஆய்வு முடிவையும் அப்பகுதிப் பள்ளியிடமே உடனுக்குடன் கொடுத்ததும் சேர்ந்தே இம்மாற்றத்தைக் கொணர்ந்ததாகக் கருதப்படுகிறது. பழக்கத்திலிருந்து பிள்ளையை விலக்கி நிறுத்தும் இத்தகைய சூழல்களை ஆய்வாளர் காப்புக் காரணிகள் என்பர். நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட அச்செல்வ நாட்டின் ஏற்பாட்டை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாதுதான்; ஆயினும் பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளி, தன் கையிலிருக்கும் காப்பைத் தானே கழற்றிவிடுகிறது என்பதை ஆசிரியர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லும் துணிவு ஆலோசகருக்கு வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆலோசகர் முதலில் எதிர்கொள்வது கஞ்சாவாகவோ மதுவாகவோ இல்லாமல், 'கூல் லிப்' எனப்படும் சிறு புகையிலைப் பொட்டலமாக இருக்கக்கூடும். உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அது ஒளிந்துகொள்கிறது. புகை இல்லை, பீடி வாடை இல்லை, மிட்டாய் போன்ற நறுமணம் மட்டுமே உண்டு. எனவே வகுப்பு நடக்கும்போதே வாயில் இருந்தாலும் ஆசிரியருக்குத் தெரிவதில்லை. கீழுதட்டின் உட்புறம் வெளுத்துத் தடிப்பது, ஈறு கீழிறங்குவது, கேள்வி கேட்டால் வாய் திறக்கத் தயங்குவது ஆகியவை கவனிக்கவேண்டிய அறிகுறிகள். பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர் போன்றவற்றின் ஆவியை முகர்வதும் அப்படியே கவனிக்கவேண்டியது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான போதைப் பயன்பாடு பற்றிய தேசிய ஆய்வில், பெரியவரைவிட (0.58 விழுக்காடு) 10 முதல் 17 வயதுச் சிறாரிடம் (1.17 விழுக்காடு) கூடுதலாகக் காணப்பட்ட ஒரே வகை இந்த முகரும் பொருள்களே. இவை விலை குறைந்தவை, எளிதில் கிடைப்பவை. முதல் முறையிலேயே இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கவும் வல்லவை.

பையிலிருந்து பொட்டலம் ஒன்று விழுந்த நாளில் பள்ளி எடுக்கும் முடிவே எல்லாவற்றிலும் கனமானது. பெற்றோரை வரவழைத்து, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் பள்ளியின் பெயர் காக்கப்பட்டதாகத் தோன்றலாம். ஆனால் பள்ளியோடுள்ள பிணைப்பே பிள்ளைக்கு மிஞ்சியிருந்த காப்பு என்பதால், அதை அறுப்பது பிள்ளையைப் பெட்டிக்கடைத் திண்ணையில் கொண்டுபோய்விடுவதற்கு ஒப்பாகும். ஆகவே அத்தகைய நாள் வருவதற்கு முன்பே தலைமையாசிரியரோடும் பள்ளி மேலாண்மைக் குழுவோடும் பேசி, முதல் முறை பிடிபடும் மாணவருக்கு நீக்கம் இல்லை, தொடர் ஆலோசனையும் தேவையெனில் மருத்துவமும் உண்டு என்ற விதியை எழுத்தில் பெற்றுவிடுவது ஆலோசகரின் முதல் பணியாக இருக்கவேண்டும். வழக்கு வருமோ என்று அஞ்சிச் சிகிச்சைக்குத் தயங்கும் பெற்றோரிடம், அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறு அளவு சார்ந்த குற்றத்துக்காகவோ வழக்குத் தொடர்வதிலிருந்து 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்களிக்கிறது என்பதை ஆலோசகர் விளக்கவேண்டும்.

விற்றவர் பெயரைச் சொல்லச் சொல்லிப் பிள்ளையை நெருக்குவோர் பலர் இருப்பர். குழந்தைக்கு மதுவையோ புகையிலையையோ போதைப்பொருளையோ கொடுப்பவருக்கு, மருத்துவர் ஆணைப்படி கொடுப்பது நீங்கலாக, ஏழாண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்பது 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் அப்படி விற்கும் கடையைப் பற்றிப் புகார் எழுதவேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர், பெரியவர்கள். புகாரில் மாணவர் பெயர் இடம்பெறாமல், பள்ளியின் பெயரால் தலைமையாசிரியர் கையெழுத்தோடு அது காவல் நிலையத்துக்குச் செல்லவேண்டும். ஆலோசனை அறையில் மாணவர் நம்பிச் சொன்ன எதுவும், உயிருக்கு ஆபத்து என்ற நிலை எழுந்தாலன்றி, அந்த அறையைத் தாண்டக்கூடாது.